பின்வரிசையில் ஒரு கல்லூரிப் பெண்

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் என்றால் எனக்கு இன்றைக்கும் முகப்பவுடர் வாசனைதான். மதியம் வறுத்த அயிலை மீனின் வாடை வீட்டை விட்டுப் போவதற்குள் பாக்கியம் அத்தை குளித்துவிட்டு வந்து, கைக்கண்ணாடியைச் சன்னல் கம்பியில் சாய்த்து வைத்து, நெற்றியிலிருந்து கழுத்துவரை பவுடரை அப்பிக்கொள்வாள். அவளுடைய நல்ல கறுப்பு முகத்தில் அது சாம்பல் பூத்தாற்போல நிற்கும். தலையில் பூவும் வைத்து, கோவிலுக்குப் போகிறவளைப்போலக் கிளம்பி, எங்கே போவாள் என்று பார்த்தால், நேராகத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் வந்து உட்காருவாள். பழைய தமிழ்ப் படம் தொடங்கப் போகிறது. “படத்துல இருக்கிறவங்க உன்னையப் பாக்கவா போறாங்க?” என்று என் அம்மா கேலி செய்யாத ஞாயிறு இல்லை. அத்தை அசரமாட்டாள். “நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தி அல்லே மதினி, அவங்க முன்னால அழுக்கா உக்காரலாமா?” என்பாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் பாலக்காட்டுக்குப் போன சில வருடங்களிலேயே புருஷனை இழந்து, கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் காலனி வீட்டுக்கே திரும்பி வந்தவள். ஊரைப் பெருக்கி அள்ளுவதற்கென்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எப்போதோ கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள் நாங்கள். அப்பாவும் விடிவதற்கு முன் நகரசபையின் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்தான். வீட்டுக்குள் தமிழ் பேசினோம், பள்ளியில் மலையாளம் படித்தோம், தெருவில் இரண்டையும் பிசைந்து பேசினோம். எப்படிப் பேசினாலும் கடைக்காரனுக்கு நாங்கள் “பாண்டி”கள்தான், மலையாளிகள் தமிழர்களை இளக்காரமாகக் கூப்பிடும் பெயர் அது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்க எங்கள் காலனியில் அப்பா ஒருவருக்குத்தான் தெரியும். சின்ன வயதில் தாய்மாமன் ஊரில் இருந்து ஐந்தாம் வகுப்புவரை படித்தவர் அவர். மற்ற எல்லாருக்கும் தமிழ் என்பது காதால் கேட்கிற சங்கதி, அதிலும் பெரும்பகுதி சினிமாவில் கேட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் கேபிள் கம்பி எங்கள் காலனிக்குள் வந்தது. கேபிள் நடத்திய ஜோஸ் சேட்டன், நாங்கள் ஆசைப்படுகிறோம் என்று, கோயமுத்தூரிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பழைய தமிழ்ப் பட கேசட்டுகளை வாங்கி வந்து ஞாயிறுதோறும் ஒன்றைப் போடுவார். அத்தைக்குப் பிடித்தவை கறுப்பு வெள்ளைக் காலத்துக் கல்லூரிக் காதல் படங்கள், காதலும் கிண்டலும் சரிபாதியாக ஓடுகிறவை. ஆகவே எனக்கும் அவைதான் பிடித்தன. எப்பேர்ப்பட்ட கல்லூரிகள் அவை! பாடம் நடக்காது, நடந்தாலும் வாத்தியார் வழுக்கி விழுவதற்காகத்தான் உள்ளே வருவார். நாற்பதைத் தொட்ட கதாநாயகன் ஒரே ஒரு புத்தகத்தைச் சுழற்றிக்கொண்டு வருவான்; கதாநாயகி பந்து மட்டையோடு காரிலிருந்து இறங்குவாள்; இருவருக்கும் சண்டை, பிறகு பாட்டு, பிறகு கல்யாணம்.

சாதி என்ற சொல்லே அந்தக் கல்லூரிகளில் கேட்காது. கேட்காமலேயே எல்லாரும் ஒரே சாதியாக, ஒரே நிறமாக, ஒரே மாதிரி பங்களாவிலிருந்து கிளம்பி வந்தவர்களாக இருப்பார்கள். மலையாளி ஒருவன் வந்தால் அவன் சாயா ஆற்றுகிறவன். சேட்டு வந்தால் வட்டிக்காரன். கவுன் போட்ட பெண் வந்தால் டைப் அடிக்கிறவள். பருமனான பெண் வந்தால் அவள் எல்லாரும் சிரிப்பதற்கு. எங்கள் வேலை செய்கிற ஆள் வந்தால் கையில் துடைப்பத்தோடு குனிந்திருப்பான், கதாநாயகனின் சைக்கிள் அவன் மேல் ஏறும். நாங்களும் சிரித்தோம். சிரிப்புப் படம் அல்லவா, வேறென்ன செய்வது?

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள எங்களுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் கல்லூரிகளில் ஒன்றில் எங்கள் ஆள் ஒருத்தி உள்ளே இருந்தாள். அத்தை கன்னிப்பெண்ணாக இருந்தபோது சென்னையிலிருந்து ஒரு படக்குழு வந்து, அக்கரையில் எறணாகுளத்தில் ஒரு பழைய கல்லூரியின் வராந்தாவில் படமெடுத்ததாம். மாணவிகளாக நடக்க ஆள் போதவில்லை என்று ஒரு ஏஜெண்டு எங்கள் காலனிக்கு வந்து பெண்பிள்ளைகள் சிலரைப் படகில் ஏற்றிக்கொண்டு போனான். அத்தைக்குச் சரிகைக் கரை போட்ட தாவணி கட்டி, இரட்டைப் பின்னல் போட்டு, கையில் தடித்த புத்தகங்களைக் கொடுத்து, “காலேஜ் பொண்ணு மாதிரி நட” என்றார்கள். அவள் நடந்தாள். பிறகு கேமராவை அவள் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, ஓர் ஆள் தூக்கிப் பிடித்த குடையின் நுனியைக் காட்டி, “அங்க பார்த்து நல்லா சிரி” என்றார்கள். குடையைப் பார்த்துச் சிரித்தாள். கூட வந்த மற்றவர்களெல்லாம் தூரத்தில்தான் நின்றார்கள், கிட்டே வைத்து எடுத்தது தன்னை மட்டும்தான் என்று சொல்லும்போது அத்தையின் குரல் கொஞ்சம் இறங்கும். பெருமையை அடக்கிக்கொள்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும்.

கல்யாணமோ சடங்கோ பொங்கலோ, எது வந்தாலும் காலனிப் பிள்ளைகள் நாங்கள் “அத்தே, காலேஜ் நடை” என்று அவளைப் பிடித்துக்கொள்வோம். அவள் என் பள்ளிப் புத்தகங்களை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, குழாயடியிலிருந்து சந்து முனைவரை ஒரு நடை நடந்து, திரும்பி, இல்லாத குடையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். கைதட்டுவோம். பக்கத்து வீட்டு மலையாளப் பெண் லீலா சேச்சி விசிலே அடிப்பாள். அப்பா மட்டும் அப்போதெல்லாம் எழுந்து, பீடி பற்றவைக்க வெளியே போய்விடுவார். தங்கை இப்படிப் பலர் பார்க்க நடப்பது அண்ணனுக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டோம். நானோ எந்தப் படம் போட்டாலும் கதாநாயகியைப் பார்ப்பதில்லை. அவள் தோளுக்குப் பின்னால், பின்வரிசையில், எங்கள் நிறத்தில் ஒரு முகம் இருக்கிறதா என்றுதான் தேடுவேன். இருக்காது. பரவாயில்லை, ஒரு படத்தில் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

அந்தப் படத்தை அத்தை பார்த்ததே இல்லை. எங்கள் ஆட்களிடம் அன்றைக்கு ஒரு வழக்கம்: எந்தப் படமானாலும் வீட்டின் மூத்த ஆண் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “பொம்பளைங்க போகலாம்” என்று சொன்ன பிறகே பெண்கள் கொட்டகைக்குப் போவார்கள். மட்டாஞ்சேரிக் கொட்டகைக்குப் படம் வந்த அன்றே அப்பா போனார். திரும்பி வந்து, “உன்னைய விட அழகி அதுல யாருமே இல்ல பாக்கியம். ஆனா கூட்டமில்ல, நாளைக்கே படத்த மாத்திருவாங்க” என்றார். அதோடு சரி. சீக்கிரத்திலேயே அவளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. ஜோஸ் சேட்டனின் பெட்டி வந்த பிறகு, அட்டைகளின் மேல் எழுதியிருந்த தமிழைப் படிக்கத் தெரியாமல் அவர் அப்பாவைத்தான் கூப்பிடுவார். எதைப் போடுவது என்று எடுத்துக் கொடுக்கிறவரும் அப்பாதான். “அண்ணே, அந்தப் படம் அதுல உண்டா?” என்று அத்தை ஒவ்வொரு வாரமும் கேட்பாள். “இல்ல” என்பார் அப்பா. நாங்கள் எல்லாரும் நம்பினோம். படிக்கத் தெரிந்தவர் சொன்னால் நம்பத்தானே வேண்டும்?

படத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. என் கையால் அதற்கு இன்னும் நான்கு பார்வையாளர்களைச் சேர்த்துக் கொடுக்க எனக்கு மனமில்லை.

நான் பத்தாம் வகுப்புத் தேறிய கோடை அது. அப்போதெல்லாம் பத்து முடிந்ததும் “ப்ரீடிகிரி” படிக்கக் கல்லூரிக்கே போக வேண்டும். எங்கள் காலனியில் அதுவரை ஒரு பெண்ணும் போனதில்லை. பள்ளுருத்தியில் ஒரு பீலிங் ஷெட்டில் இறால் உரிக்க எனக்கு இடம் பேசி வைத்திருந்தாள் அம்மா. அவளும் அங்கேதான் உரித்தாள், விரல் நுனிகள் எப்போதும் வெந்தாற்போல வெளுத்திருக்கும். “அங்கன உள்ள பிள்ளைங்க முன்னால நம்ம பிள்ள எப்படிப் போய் உக்காரும்? நம்மள ஒரு மாதிரி நோக்குவாங்க” என்பது அம்மாவின் பயம். அத்தைக்கு அதற்கு ஒரே பதில்தான். “யாரும் ஒண்ணும் நோக்க மாட்டாங்க மதினி. நான் போயிருக்கேன் அல்லே? புஸ்தகம் பிடிச்சு நடந்திருக்கேன் அல்லே? என்னைய யார் என்ன சொன்னா?” ஒரு நாள் சினிமாவுக்காக நடந்ததைக் கல்லூரி போனதாகச் சொல்கிறாளே என்று நான் உள்ளுக்குள் சிரித்ததுண்டு. ஆனாலும் அந்த வீட்டில் என் பக்கம் பேச அத்தையின் நடை ஒன்றுதான் இருந்தது, அம்மாவும் மெல்ல இளகிக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஏதோ ஒரு கட்சியின் மாநாடு முடிந்த மைதானத்தைச் சுத்தம் செய்ய அப்பாவை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எடுத்துக் கொடுக்க ஆளில்லாததால் ஜோஸ் சேட்டன் கைக்கு வந்த கேசட்டைப் போட்டுவிட்டார். திரையில் எழுத்து ஓடியது. எங்களில் யாராலும் அதைப் படிக்க முடியவில்லை. படம் பாதியை நெருங்கும்போது, பருத்த தூண்கள் வரிசையாக நின்ற ஒரு நீண்ட வராந்தா வந்தது. அத்தை சட்டென்று எழுந்து நின்றாள். “அதே தூணு,” என்றாள். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்து, “எல்லாரும் மிண்டாம இருங்க, இப்ப நான் வருவேன்” என்றாள்.

வந்தாள். கதாநாயகி தோழிகளோடு முன்னால் வர, பின்வரிசையில் இரட்டைப் பின்னலும் புத்தகமுமாக, நாங்கள் சந்தில் பார்த்த அதே நடை. “அய்யோ, இது நம்முடெ பாக்கியமல்லே!” என்று லீலா சேச்சி கத்தினாள். அடுத்த நொடி திரை முழுக்க அத்தையின் முகம். பவுடர் இல்லை. மினுமினுவென்று கறுப்பாக, பல்லெல்லாம் தெரிய, ஒரு சின்னப் பெண் சிரித்தாள். அப்பா சொன்னது பொய்யில்லை, அவளைவிட அழகி அந்தப் படத்தில் யாருமே இல்லை.

அவள் பார்த்துச் சிரித்த இடத்தில் குடை இல்லை. அங்கே படத்தின் சிரிப்பு நடிகர் நின்றுகொண்டிருந்தார். அவர் அவளைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினார். கோட்டுப் பையிலிருந்து டார்ச் விளக்கை எடுத்து, நல்ல வெயிலில் அவள் பக்கமாக அடித்து, “என்னய்யா, பட்டப்பகல்லயே கரண்டு போயிருச்சா?” என்றார். மறுபடியும் அத்தையின் முகம், மறுபடியும் அதே சிரிப்பு. ஒரே சிரிப்பை வெட்டி இரண்டு இடத்தில் ஒட்டியிருந்தார்கள். இந்தத் தடவை அவர் “ஐயோ, பேயி!” என்று அலறிப் புத்தகங்களைப் போட்டுவிட்டு ஓடி, பூந்தொட்டியில் தடுக்கி விழுந்தார். கதாநாயகியும் தோழிகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த நடிகர் விழுந்தாலே சிரித்துப் பழகிய எங்கள் காலனியின் சின்னப் பிள்ளைகளும் கொல்லென்று சிரித்து, பெரியவர்களின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அந்தப் படத்தில் அத்தை வரவே இல்லை.

வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார், வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும். “இந்தக் கேசட்ட போடாதேன்னு ஜோஸ்கிட்ட சொல்லியிருந்தேனே” என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

அத்தை திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமோ அழுகையோ முதலில் வரவில்லை; ஏதோ கணக்குப் போடுகிறவளைப்போலக் கொஞ்ச நேரம் அண்ணனையே பார்த்தாள். “அப்போ நீ அன்னைக்கே கண்டதாக்கும்,” என்றாள். “நான் நடந்து காட்டும்போதெல்லாம் நீ எழுந்து வெளியில போனது இதுக்குத்தானே அண்ணே?”

“கொட்டகையிலிருந்து வரும்போது நீ வாசல்லயே நின்னிட்டிருந்தே, பாக்கியம்,” என்றார் அப்பா. “நான் எப்படிச் சொல்லுவேன்?”

“ஊர்க்காரங்க சிரிச்சாங்க, போட்டும். அவங்களுக்கு நான் யாரு? எனக்கு நீ சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா இத்தன வருஷம் இந்தச் சந்துல நான் அந்த நடைய நடந்திருக்க மாட்டேனே.” அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் அன்றைக்கு யார்மேல் அதிகம் கோபப்பட்டேன் என்று இப்போதும் நிதானமாகச் சொல்ல முடியவில்லை. குடையைக் காட்டிச் சிரிக்கச் சொன்ன அந்த மனிதர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு ஏழைப் பெண்ணின் நல்ல சிரிப்பை வாங்கிக்கொண்டு போய் அவளையே பேயாக்கிவிட்டார்கள். பின்வரிசையில் எங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது என்று நம்பி நம்பி நான் பார்த்த அத்தனை படங்களும் என்னை ஏமாற்றியவை என்று தோன்றியது. அதைவிட, அப்பா. அவர் அன்பால்தான் மறைத்தார், தெரியும். ஆனால் மறைத்தவர் அவளை நடக்க விட்டார். அவள் நடக்க நடக்க வெளியே போய் நின்று பீடி குடித்தார். அன்றைக்குக் கொட்டகையில் அப்பா ஒருவர் மட்டுமா இருந்திருப்பார்? காலனியின் மற்ற பெரியவர்களும் பார்த்திருப்பார்கள் அல்லவா? கைதட்டிய கைகளில் எத்தனை கைகளுக்குத் தெரிந்திருந்தது என்று நினைத்தால் இன்றும் என் உடம்பு கூசுகிறது.

அடுத்த நாள் அம்மா வெற்றிபெற்ற குரலில் பேசவில்லை, பேசியிருந்தால்கூடத் தேவலை. “பாத்தாச்சில்ல, காலேஜ்ல நம்மள என்ன செய்வாங்கன்னு” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பீலிங் ஷெட்டுக்கு என்னை அடுத்த திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது அத்தை அடுக்களையிலிருந்து வந்தாள். “அவ காலேஜுக்குப் போவா,” என்றாள். “நான் போனது பொய்யின்னா, இவளாவது நெசமா போகட்டும்.” பிறகு என் பக்கம் திரும்பி, “சிரி, சிரின்னு யாரு சொன்னாலும் காரியம் தெரியாமச் சிரிக்காதே” என்றாள். சேர்க்கைக்கு அப்பாதான் கூட வந்தார். அத்தையைக் கூப்பிட்டேன், தலைவலி என்றாள்.

கல்லூரியில் என்னைத் “தலைக்கனம் பிடிச்சவ” என்றார்கள். வேடிக்கைப் பேச்சுக்கெல்லாம் எல்லாரும் சிரித்து முடித்த பிறகும் நான் யாரைப் பற்றியது என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். நல்லவர்கள் சிலர் உண்மையான அன்போடு சிரித்ததற்கும் பதிலுக்குச் சிரிக்கத் தவறியிருக்கிறேன். அந்த நஷ்டத்தையும் அந்தப் படத்தின் கணக்கில்தான் நான் எழுதி வைத்திருக்கிறேன்.

அத்தை அப்பாவோடு பேசாமலெல்லாம் இருக்கவில்லை. ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்கிறவர்கள் எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும்? சோறு போட்டாள், சட்டை துவைத்தாள். ஆனால் அவர் எது சொன்னாலும், மழை வருகிறது என்றால்கூட, வாசலுக்குப் போய் ஒரு தடவை தானே பார்த்துவிட்டு வருவாள். அப்பா அதைக் கவனிப்பார். கேமராவைக் கண்டால் அவள் உள்ளே போய்விடுவாள். என் கல்யாணத்தில் புகைப்படக்காரர் எத்தனை முறை கூப்பிட்டும், பந்தி கவனிக்க வேண்டும் என்று பின்கட்டிலேயே நின்றாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். சுவரில் மாட்ட ஒரு படம் தேடினோம். ஒன்றுகூட இல்லை.

இப்போது அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் சரக்கு அடுக்குகிறார்கள். எங்கள் ஓட்டு வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். நாங்களும் அங்கிருந்து வந்துவிட்டோம். கேபிள் போயிற்று, கேசட் போயிற்று, அப்பாவும் போய்விட்டார். காலேஜ் நடையைப் பார்த்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை.

போன மாதம், காக்கநாட்டில் கணினி வேலை பார்க்கும் என் மகள், தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். அத்தையின் கதையை என்னிடம் கேட்டு வளர்ந்தவள் அவள். அந்தப் பழைய படத்துக்கு யாரோ இப்போது வண்ணம் பூசி இணையத்தில் ஏற்றியிருக்கிறார்களாம், தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். “அம்மா, இதுல அத்தைப் பாட்டி யாரு?” என்றாள். இத்தனை வருடம் கழித்து அந்த வராந்தாவை மறுபடி பார்த்தேன். தாவணிகளுக்குப் பச்சையும் சிவப்பும் பூசியிருந்தார்கள். பின்வரிசைப் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பூச யாருக்கு நேரம்? கதாநாயகியின் கன்னத்துக்குப் பூசிய அதே ரோஜா நிறத்தையே எல்லா முகங்களுக்கும் பூசிவிட்டார்கள். இரட்டைப் பின்னலோடு ரோஜா நிறத்தில் யாரோ ஒரு பெண் திரை முழுக்கச் சிரித்தாள். டார்ச் அடித்தார், அலறினார், விழுந்தார்.

என் மகள் நெற்றியைச் சுருக்கினாள். “இதுல என்ன தமாஷு? இவரு எதுக்கு ஓடுறாரு?”

“அத்தை கறுப்புடி,” என்றேன். “நல்ல கறுப்பு. அழகான கறுப்பு.”

அவள் படத்தைப் பின்னால் தள்ளி மறுபடி ஓட்டி, விரல்களால் அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கேலி செய்வதற்காகவாவது அந்தக் காலத்தில் அவளை அவள் நிறத்தில் விட்டு வைத்திருந்தார்கள். இந்த உலகத்தில் என் அத்தையின் முகம் இருக்கிற ஒரே இடம் அந்தப் படம்தான். இப்போது அதிலும் அவள் இல்லை.